நாலு பவுண்டும் மீன்முள் டயரும்

திருத்துறைப்பூண்டிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே அந்தக் காலத்தில் உருண்ட அத்தனை டயரையும் தொட்டவர் ஒருவர் உண்டு. அத்தனை வண்டியில் ஒன்றில்கூட ஏறாதவரும் அவர்தான். பஸ், லாரி, டாக்சி, மாடு பூட்டிய டயர் வண்டி, டாக்டர் கார், கட்சிக்காரர் ஜீப் எல்லாம் அவர் பட்டறை வாசலில் வந்து காத்து நிற்கும். அவர் மட்டும் எங்கே போவதானாலும் நடந்துதான் போவார். அதுவும் வெறுங்காலில். ஊரில் பாதிப் பேர் அவர் வெட்டிக் கொடுத்த டயர் செருப்பில் நடந்தார்கள். அவருக்குச் செருப்பு கிடையாது.

"ஏன் வண்டியில ஏற மாட்டேங்கறீங்க?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"நான் மாட்டின டயர் மேல நானே ஏறி உக்காந்தா அதுக்குப் பயம் விட்டுப் போயிடுங்க."

அவர் பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் 'நாலு பவுண்டு'. டயரில் எவ்வளவு காற்று என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். காற்று எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை நல்லது என்று எல்லா டிரைவரும் நம்பிய காலம் அது. வண்டி வந்து நின்றதும் அவர் டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். "நாலு பவுண்டு கொறைங்க" என்பார். நாளடைவில் டயர் இல்லாத விஷயங்களுக்கும் அதுவே மருந்தாயிற்று.

"ராத்திரியெல்லாம் தூக்கமே வரலைப்பா" என்பார் பள்ளிக்கூட வாத்தியார்.

"நாலு பவுண்டு கொறைங்க சார்."

"எதுலய்யா கொறைக்கிறது?"

"எல்லாத்துலயும்தான்."

இதைப் படிப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை என்னால் சிரிக்கவைக்க முடியாது. அந்த மனிதர் தன் வாழ்நாளில் டயர் விஷயத்தில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதைச் சொல்லவைத்தவன் நான். இன்னொன்று. அன்று நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன், என்னைவிட அவருக்கு இருபது வயது அதிகம் இருக்கும். அவர் எங்கள் வயல்களில் வேலை செய்தவர்கள் குடியிருந்த தெற்குத் தெருவில் பிறந்தவர். நாங்கள் மிராசுதார்கள். இந்தக் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுகிறேன். ஐம்பது வருஷம் தாமதம்.

முதலில் அவர் கல்யாணத்தைச் சொல்கிறேன். நான் சின்னப் பையன் அப்போது. ஊர் பல வருஷம் சொல்லிச் சிரித்த கதை அது. யுத்தத்தின்போது பட்டாளத்து லாரிப் பட்டறையில் டயர் வேலை பழகிவிட்டு ஊருக்கு வந்திருந்தார். பெண் வீட்டார் கௌரவமாக ஒரு டாக்சி பிடித்திருந்தார்கள். பெண் ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஏறவில்லை. மாலையும் கழுத்துமாகக் காருக்குப் பின்னால் நடந்து வந்தார். டிரைவர் நடை வேகத்துக்கு ஓட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மதகிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி நாலு டயரையும் தொட்டுப் பார்ப்பார். "பொண்ணைப் பாக்குறாரா டயரைப் பாக்குறாரா?" என்று மாமியார் மூக்கைச் சிந்தினாள். முகூர்த்தம் தவறிப்போய் அடுத்த முகூர்த்தத்தில் தாலி ஏறியது.

காற்றைவிடப் பெரிய வித்தை ஒன்று அவரிடம் இருந்தது. தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்து, அந்த வண்டி எங்கெங்கே போய் வருகிறது என்று சொல்லிவிடுவார். தடத்தைப் பார்த்தால் எந்த வண்டி, எத்தனை பாரம், டிரைவர் அவசரக்காரனா என்பதெல்லாம் சொல்வார். ஒருமுறை எங்கள் டாக்டர் மனைவியோடு வந்து இறங்கினார். நாலு பவுண்டு குனிந்து பின் டயரைத் தடவினார்.

"டாக்டரய்யா, வாரத்துக்கு ரெண்டு தடவ செங்கச் சூளைப் பக்கம் போறீங்க. அந்தப் பாதை டயருக்கு ஆகாதுங்க."

"செங்கச் சூளையிலயா? அங்க யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்றார் டாக்டரின் மனைவி.

அதற்குப் பிறகு ஒரு மாதம் டாக்டர் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை என்று கேள்வி. நாலு பவுண்டுக்குத் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்றே புரியவில்லை. டயர் சொன்னதை அவர் சொன்னார். அவ்வளவுதான்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் புதுக் கொடி ஏறியிருந்த காலம் அது. வயல்களில் இன்னொரு கொடி, செங்கொடி. நில உச்சவரம்பு வருகிறது என்று பயந்து என் அப்பா நிலங்களைச் சித்தப்பா, அத்தை, தொட்டிலில் கிடந்த குழந்தை, கடைசியில் சமையற்காரர் பேரில்கூட எழுதி வைத்தார். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டதென்று அப்பா ஒரு நாள் கத்தியபோது சமையற்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு மிராசுதாரைப் பார்த்து இப்படிப் பேசலாமுங்களா?" என்று கேட்டார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டார். நாலு பவுண்டின் பட்டறைக்குச் சங்கத்துக்காரர்களும் வருவார்கள், மிராசுதார்களும் வருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான். "ரெண்டு பக்கமும் நாலு பவுண்டு கொறைச்சா வெடிக்காதுங்க."

யாரும் குறைக்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சென்னையில் சட்டம் படித்து முடித்து, தொழிலுக்குப் போகாமல் ஊரில் இருந்தேன். என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. நாகப்பட்டினத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அப்பா எனக்காக வாங்கியது. அதன் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி வைத்தவை. நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய திருகு. காதைச் சுத்தியால் தட்டினால் திருகு கழன்று சக்கரம் கையோடு வந்துவிடும்.

டயர்கள் வழுக்கையாகிவிட்டன. மழை நாளில் பிரேக் போட்டால் கார் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். வெளிநாட்டு டயர் கடையில் கிடைக்காத காலம். டாக்சி டயரையே மாட்டிவிடலாம், அளவு ஒத்துப்போகும் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். நாலு பவுண்டிடம் கொண்டுபோனேன். காரைச் சுற்றி மூன்று தரம் வந்தார். தரையில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். எழுந்தார்.

"டாக்சி டயர் வேணாங்க. உள்ளே போகும். ஆனா ஒசரம் ஜாஸ்தி, ஒடிச்சுத் திருப்புறப்ப மட்காடுல ஒரசும். ஓடறதுக்குப் பொறந்த குதிரைக்கு லாடத்துக்குப் பதிலா ஆட்டுக்கல்லக் கட்டின மாதிரி இருக்கும்."

"வேற எங்கே கிடைக்கும்?"

"நாகூர்ல கெடைக்குங்க. மலாயாக் கப்பல்ல வரும். நாளான்னைக்குக் காலையில நீங்க கார்ல வந்துடுங்க. நான் இப்பவே கெளம்பறேன்."

அப்படியே அழுக்குக் கைலியோடு நடக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் நாள் காலை நான் நாகூரில் அவர் அடையாளம் சொன்ன மரைக்காயர் கிடங்குக்குப் போனபோது, வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏன் சின்னய்யா லேட்டு?" என்றார்.

கிடங்கில் என் காருக்கு ஆகிற டயர் இரண்டு செட் இருந்தன. ஒன்றில் டயரின் ஓரத்தைச் சுற்றிப் பளபளவென்று வெள்ளை வளையம். சினிமாவில் பார்ப்போமே, அந்த மாதிரி. பார்த்தவுடன் எனக்கு அதன்மேல் ஆசை. மற்றது வெறும் கறுப்பு. நாலு பவுண்டு வெள்ளை வளையத்தை மடக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், நகத்தால் கீறி அந்தத் துணுக்கை வாயில் போட்டு மென்று துப்பினார்.

"இது பழசுங்க. ரொம்ப நாள் வெயில்ல கெடந்திருக்கு. பவுடர் போட்டு ஒக்கார வச்சிருக்காங்க."

"பாக்க நல்லாயிருக்கேப்பா."

"பாக்குறவன் ரோட்டோரம் நிப்பான் சின்னய்யா. ஓட்டுறவன்தான் உள்ள இருப்பான்."

மரைக்காயர் சிரித்துவிட்டார். கறுப்பு டயரை அவர் விரித்துக் காட்டினார். தரையில் படும் பக்கத்தில் மூன்று நீளக் கோடு, கோடுகளுக்கு நடுவே மீன்முள் மாதிரி சாய்ந்த வெட்டுகள். ரப்பர் மெத்தென்று இருந்தது. ஓரம் மெல்லிசு. "இது ரோட்டைப் புடிக்கும். ஆனா இதுக்குத் தோல் மெல்லிசு" என்றார் நாலு பவுண்டு. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் வாங்கினோம். அந்த மாதிரித் தடம் விழுகிற டயர் ஜில்லாவில் வேறு எவரிடமும் கிடையாது என்று மரைக்காயர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாட்டுவதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். இரும்புச் சுத்தி பட்டால் திருகின் காது நசுங்கும் என்று புளியமரத்தில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தி ஒன்று செதுக்கினார். இடது பக்கத் திருகு ஒரு திசையில் கழல்கிறது, வலது பக்கத் திருகு எதிர்த்திசையில் கழல்கிறது என்பதைக் கண்டுபிடித்து அரை நாள் அதை ரசித்தார். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் மொறைச்சுக்குதுங்க. ஆனா அதனாலதான் சக்கரம் கழலாம ஓடுது!" என்றார். சக்கரக் கம்பிகளின் தலை டியூபைக் குத்தாமல் இருக்க உள்ளே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். டியூபுக்கு முகப் பவுடர் பூசினார். அவர் மனைவியின் பவுடர்தான், அந்த அம்மாள் வாசலில் நின்று சத்தம் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் சக்கரத்தைத் தொங்கவிட்டு மெல்லச் சுற்றிவிட்டார். பாரமான பக்கம் கீழே வந்து நின்றது. அதற்கு எதிர்ப்பக்கம் கம்பியில் வேதாரண்யத்து மீன்வலையில் கோக்கிற ஈயக்குண்டைக் கட்டினார். நாலு சக்கரத்திலும் ஈயக்குண்டு. எழுபது மைல் வேகத்தில் போனாலும் ஸ்டியரிங் நடுங்காது என்றார். நடுங்கவில்லை.

பிறகு அவருடைய வழக்கம். எந்த வண்டிக்கு டயர் மாட்டினாலும், வெளியே விடும் முன் சொந்தக்காரர் டயர்மேல் உள்ளங்கையை வைத்து, அந்த வண்டி எங்கே போகும், எங்கே போகாது என்று சொல்ல வேண்டும். பஸ் முதலாளிகள்கூடச் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

"கைய வைங்க சின்னய்யா. தார் ரோடு, கப்பி ரோடு, அவ்வளவுதான். வாய்க்கால் கரையில ஏறாது. வயக்காட்டுப் பக்கம் போகாது. சொல்லுங்க."

"ஏம்ப்பா, டயருக்குச் சத்தியமா?"

"டயருக்கு இல்லீங்க. எனக்கு."

கையை வைத்தேன். சொன்னேன். உள்ளங்கையில் கறுப்பு ஒட்டிக்கொண்டது, வேட்டியில் துடைத்தேன்.

அந்த வருஷ அறுவடைக்குக் கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டுத் தெற்குத் தெரு வேலைக்கு வரவில்லை. அப்பா வெளியூரிலிருந்து ஒரு லாரியில் ஆள் இறக்கினார். லாரி எங்கள் வயலுக்குப் போக வேண்டுமானால் வாய்க்கால் கரை வழியாகத்தான் போக வேண்டும். கரையில் தெற்குத் தெரு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லாரி டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டான். "முன்னால யாராச்சும் போனாத்தான் போவேன்" என்றான்.

"சின்னய்யா கார் வந்தா எந்திரிச்சு வழி விடுவானுங்க" என்றார் எங்கள் கணக்குப்பிள்ளை. அப்பா என்னைப் பார்த்தார். "இவனுக்கு அந்தக் கார் சினிமாக் கொட்டகைக்குப் போகத்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. காரைக் கரையில் ஏற்றினேன். லாரி பின்னாலேயே வந்தது. ஹார்னை அழுத்திக்கொண்டே போனேன். அவர்கள் எழுந்து ஒதுங்குவார்கள் என்று நினைத்தேன். ஒதுங்கினார்கள். புழுதி. பெண்கள் கத்தினார்கள். கார் ஒரு பக்கம் மெல்ல ஏறி இறங்கியது. எதன்மேல் ஏறியது என்று எனக்குத் தெரியும். நான் நிறுத்தவில்லை.

அது மாரிமுத்துவின் கால். மாடு ஓட்டுவதில் கெட்டிக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம். கரையிலிருந்து சறுக்கிக் குப்புற விழுந்தவன். அவன்மேல் ஏறியது காரா, பின்னால் வந்த லாரியா என்று அவனுக்கே தெரியவில்லை. புழுதியில் பாதிப் பேர் கார் என்றார்கள், பாதிப் பேர் லாரி என்றார்கள். லாரி டிரைவர் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடியவன் அகப்படவேயில்லை. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கரை முழுக்க என் தடத்தின்மேல் லாரித் தடம் ஏறிக் கிடந்தது. மாரிமுத்து விழுந்த இடத்தில் மட்டும் ஓரமாக, ஈர மண்ணில், ஒரு முழ நீளத்துக்கு ஒற்றைத் தடம். சப்-இன்ஸ்பெக்டர் அதன்மேல் வைக்கோலைப் போட்டு மூடச் சொன்னார். "நாளைக் காலையில நாலு பவுண்டைக் கூட்டியாங்க. அந்தாள் சொல்லட்டும். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிடுவீங்கள்ல?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. அந்த நாட்களில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் நாலு பவுண்டின் வாய்தான்.

அன்று மத்தியானம் பட்டறைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். காரின் முன் டயரைப் பார்த்தார். வெட்டுகளுக்குள் கரை மண் காய்ந்திருந்தது. குனிந்து ஒரு குச்சியால் அதை நோண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கைய வச்சுச் சொன்னீங்களே சின்னய்யா."

"நாளைக்கு லாரின்னு சொல்லிடு."

அவர் குச்சியால் அடுத்த வெட்டை நோண்டினார்.

"ஜெயிலுக்குப் போயிடுவேன்ப்பா."

"மாரிமுத்துக் கால எடுக்கணும்னு சொல்றாங்களாம். நீங்க போய் நடந்ததச் சொல்லிடுங்க. நானும் கூட வர்றேன். நடந்தே போலாம்."

அப்போது நான் சொன்னதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

"உன் தங்கச்சி குடிசை எங்க மனையிலதான் இருக்கு. மூணு புள்ளைங்களோட அவ எங்க போவா?"

அந்தத் தங்கை விதவை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மண்ணைக் கீழே போட்டார். "இந்த டயர் இனிமே இந்த வண்டியில ஓடக் கூடாதுங்க. கழட்டிக்கிறேன்" என்றார்.

"எரிச்சிடு."

"மாட்டினதை எரிக்க மாட்டேங்க."

கொட்டாப்புளியை எடுத்து நாலு திருகையும் தட்டினார். சக்கரங்களிலிருந்து டயரை உரித்து, பழைய டாக்சி டயர்களை மாட்டினார். அன்று கையை வைக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கரையில் ஊரே கூடியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வைக்கோலை விலக்கினார். மூன்று கோடு, நடுவில் மீன்முள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் தெளிவு. நாலு பவுண்டு அதன்மேல் வெறுங்காலோடு ஏறினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். திரும்பி நடந்தார். குதிகாலை ஊன்றிக் குனிந்து பார்த்தார். இன்னொரு தரம் நடந்தார்.

"என்னய்யா பண்றே?"

"படிக்கிறேங்க."

அவர் படித்து முடித்தபோது அங்கே அவருடைய கால் தடம் மட்டும் இருந்தது.

"லாரிங்க" என்றார்.

தெற்குத் தெரு அதை ஏற்றுக்கொண்டது. அவர் சொல்லிவிட்டாரே. கூட்டம் கலைந்தது. அவர் என்னைக் கடந்து வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினார். சேறு போன பிறகும் கழுவிக்கொண்டேயிருந்தார்.

அதோடு அவருடைய வேடிக்கைகள் நின்றன. "இந்த டயர் எங்க போயிட்டு வந்திருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று டிரைவர்கள் வம்புக்கு இழுப்பார்கள். "தெரியலீங்க" என்பார். "என்ன, நாலு பவுண்டு கொறைச்சிடவா?" என்பார்கள். "உங்க இஷ்டங்க" என்பார். ஊரில் எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லி அழைத்தார்கள், அவர் மட்டும் அதைச் சொல்வதை விட்டுவிட்டார். என் காரின் டாக்சி டயர்கள், அவர் சொன்னபடியே, ஒவ்வொரு திருப்பத்திலும் மட்காடில் உரசிக் கத்தின. ஒரு வருஷம் நேராகப் போகிற ரோடுகளில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பிறகு விற்றுவிட்டேன்.

மாரிமுத்துவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் அவன் எங்கள் தெருவில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். டயர் வண்டி. அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், நாலு பவுண்டு செய்து கொடுத்தாராம். அன்று மழை விட்டிருந்தது. வண்டி போன பிறகு வாசலைப் பார்த்தேன். ஈர மண்ணில், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மூன்று கோடு, நடுவில் மீன்முள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் அவன் வண்டி போனதும் தெருவைக் கூட்டிவிட ஓர் ஆளை வைத்தேன். எங்கள் வாசல் மட்டும் போதாது, தெரு முழுக்க. ஊர் என்னைச் சுத்தத்தில் அக்கறையுள்ளவன் என்று சொன்னது. பொங்கல் விழாவில் பஞ்சாயத்துத் தலைவர் எனக்குத் துண்டு போர்த்தி, "தெருவைத் தன் வீடுபோல் நினைப்பவர்" என்று பேசினார். கூட்டத்தின் ஓரத்தில் நாலு பவுண்டு நின்றிருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

மாரிமுத்து தினமும் எங்கள் வாசலில் வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்துவான். "சின்னய்யா, மூட்டை ஏதும் ஏத்தணுங்களா?"

"இல்லை."

அப்புறமும் நிற்பான். மாடு வாலை ஆட்டும். பிறகு மெல்ல ஓட்டிக்கொண்டு போவான். மரியாதைக்காக நிற்கிறான் என்று நினைத்தேன்.

குடிசை போட்டிருக்கும் மனை அதில் குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. நாலு பவுண்டின் தங்கை கைக்குப் பட்டா வந்தது. என் கையில் இருந்த மிரட்டல் போயிற்று. இனி அவர் பேசிவிடுவார் என்று பயந்து பட்டறைக்குப் போனேன், அப்போது வேறு கார் வைத்திருந்தேன். அவர் எழுந்து வந்தார்.

"காத்துப் பாக்கவாங்க?"

"பாரு."

நாலு டயரையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தபடி என் முன்னால் நின்றார். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல நின்றார். "சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"காத்து சரியா இருக்குங்க" என்றார்.

இன்னும் சில வருஷம் போயிற்று. ஒரு மாசி மாதம், பஸ்ஸுக்கு ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. நான் தெற்குத் தெருவுக்குள் அன்றுதான் முதல் தடவையாகப் போனேன். அத்தனை வருஷம் அந்தத் தெருவின் நெல்லைச் சாப்பிட்டவன்.

பாடை கட்டியிருந்தது. அதைத் தூக்க நாலு பேர் வந்தபோது மாரிமுத்து அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு குறுக்கே வந்தான். "என்னால தோள் கொடுக்க முடியாது. வண்டியாச்சும் கொடுக்கிறேன்" என்றான். யாரும் தடுக்கவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்த மாரிமுத்துவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாரிமுத்து, அன்னைக்கு உன் கால் மேல ஏறினது லாரி இல்ல."

"தெரியுங்க" என்றான், நுகத்தடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படி?"

"ஆஸ்பத்திரியில கெண்டைக்கால்ல கன்றிப்போய்க் கெடந்துச்சு. மூணு கோடு, நடுவுல முள்ளு. ஆறு நாள் அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். என்ன தடம்னு தெரியல. அப்புறம் கால எடுத்துட்டாங்க. அண்ணன் இந்த வண்டியக் கொண்டாந்து நிறுத்திச்சு பாருங்க, டயரைப் பாத்தேன். அண்ணனைப் பாத்தேன். அது வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியட்டும்னுதான் மாட்டிக்கிட்டு வந்திருக்கு."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நானும் குதிச்சேங்க. அண்ணன்தான் கையப் புடிச்சுக்கிச்சு. 'சின்னவரு படிச்சவரு, ஒரு நாள் அவராவே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் பொறு'ன்னு சொல்லிச்சு. அதான் தினம் உங்க வாசல்ல கொஞ்ச நேரம் நிறுத்துவேன்."

பத்து வருஷத்துக்கு மேல் அந்த மனிதர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார், நான் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று தெற்குத் தெருவில் எல்லார் முன்னாலும் நின்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. மாரிமுத்துவும் இப்போது இல்லை. கேட்க வேண்டிய இரண்டு பேரும் போன பிறகு, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

வண்டியின் சக்கரங்களைப் பார்த்தேன். தேய்ந்து கோடுகள் மங்கியிருந்தன. டயர் தரையில் பரந்து, சப்பையாக நின்றது. பேச்சை மாற்றுவதற்காகத்தான் கேட்டேன்.

"காத்து கொறைச்சலா இருக்கே?"

"நான்தாங்க எறக்கினேன்." மாரிமுத்து அப்போதுதான் என்னைப் பார்த்தான். "அண்ணன் இன்னைக்குத்தான் மொத தடவையா வண்டி ஏறுது. குலுங்கக் கூடாதுன்னு நாலு பவுண்டு கொறைச்சேன்."

வண்டி நகர்ந்தது. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு நானும் பின்னால் நடந்தேன், தடத்தை மிதிக்காமல், ஓரமாகவே.